சஷ்டியும் தசமியும்

ராணுவத்திலிருந்து வந்தவை இரண்டு காகிதங்கள். எல்லையில் ரோந்து போனபோது எதிர்ப்பக்கம் சுட்டதில் கருணாகரன் மூன்றாம் தேதி இறந்தான் என்றது தந்தி. பனிச்சரிவில் சிக்கி ஏழாம் தேதி இறந்தான் என்றது ஒரு மாதம் கழித்து வந்த கடிதம். ரேடியோவைக் கேட்டால் அங்கே யாருமே சுடவில்லை. செத்தவன் ஒருவன், செத்த கதை மூன்று.

அண்ணன் இசக்கிமுத்து கடிதத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டான். திருநெல்வேலியிலிருந்து நெய்வேலிக்கு வந்து மைன்ஸில் பெர்மனென்ட் ஆனவன். அம்மா பார்வதியும் அவனுடன் குவார்ட்டர்ஸில் இருந்தாள். அவளுக்குத் தந்தி போதும் என்று நினைத்தான். குண்டு பட்டிருந்தால் தம்பி நொடியில் போயிருப்பான். ஏழாம் தேதி என்றால் நடுவில் நாலு நாள் வருகிறது. பனிக்குள் உயிரோடு கிடந்திருக்கக்கூடிய அந்த நாலு நாளை நினைக்க அவனுக்கே பயமாக இருந்தது.

விளக்கம் கேட்டு மூன்று முறை எழுதினான். 'ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டுள்ளது' என்று மூன்று முறையும் பதில் வந்தது. எதைத் தெரிவித்தீர்கள் என்றுதானே ஐயா அவன் கேட்கிறான்.

வருஷத் திதி நெருங்கியது. தந்திக் கணக்குக்குச் சஷ்டி. அதற்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஷிப்ட் முடிந்து வந்தால், அம்மாவின் மடியில் கடிதம் இருந்தது. படையலில் வைக்கத் தம்பியின் சட்டையை எடுக்கப் போனவள் கையில் சிக்கியிருக்கிறது. எதிர் வீட்டுக் கோபாலகிருஷ்ணன் படித்துச் சொல்லியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் வாசலிலேயே நின்றான்.

"எது நெசம்னு எனக்கும் தெரியலம்மா. நாள் தெரியலன்னா அமாவாசையில குடுக்கலாம்னு அய்யரு சொல்லுதாரு."

"எம்புள்ளைக்கு நாள் இல்லாமலா இருக்கு? ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு. ரெண்டு நாளும் லீவு போடு."

அதட்டாமல்தான் சொன்னாள். கடிதக் கணக்குக்கு வரும் தசமிக்கும் அவன் லீவு எழுதிக் கொடுத்தான்.

சஷ்டியன்று தலைவாழை இலையில் வடை, பாயசம், கருணாகரனுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்தாள். தசமியன்று இசக்கிமுத்து குளித்துவிட்டு வந்தபோது, தம்பி படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சி மட்டும் இருந்தது.

"என்னம்மா, இலை போடலையா?"

"நாலு நாளு ஒண்ணும் திங்காத வயிறுலா இது. எடுத்த ஒடனே சோறு குடுத்தா ஒத்துக்காது."

சொல்லிவிட்டுக் கஞ்சியை டம்ளரில் ஊற்றி ஆற்றினாள். ஒரு வருஷமாக அழாத இசக்கிமுத்து, ஈரத் துண்டோடு சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.