மாமனாரைத் தள்ளிய மருமகள்

சென்னப்பன் மூன்றாவது முறை விழுந்தது குளியலறையில். முதல் இரண்டு தடவை விழுந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் தடுக்கி விழுந்ததையும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்த் தொட்டியோரம் சாய்ந்ததையும் வேட்டி மண்ணைத் தட்டிவிட்டதோடு மறைத்துவிட்டார். மூன்றாவதை மறைக்க வழியில்லை. இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார்.

எழுபத்திரண்டு வயதில் கை முறிந்த கவலையைவிடச் செய்தி பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய்விட்ட கவலைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. மகள் காவேரியைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். இன்னொரு தடவை விழுந்தால் மூட்டை கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவள் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண். இண்டூரில் இரண்டு ஏக்கர் நிலத்தையும் நான்கு மாட்டையும் வைத்துக்கொண்டு, மகள் வீட்டில் டிவிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதா? நினைக்கும்போதே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்று மருமகள் அன்பரசிதான் துணைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் சுசித்ரா என்ற பிசியோதெரபி டாக்டர் அவரை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். மூன்று எண்ணுவதற்குள் ஆளே ஆடிப்போனார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை ஒட்டி வைத்து நடப்பது என்று சில பயிற்சிகளைக் காட்டிவிட்டு, கடைசியாக அவள் ஒன்று சொன்னாள். தடுமாறும்போது சட்டென்று காலை எட்டி வைத்து நின்றுகொள்வதை இவர் உடம்பு மறந்துவிட்டது; அதை மறுபடி பழக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி அவரை நிறுத்தி, ஒருவர் எதிரில் நின்று, சொல்லாமல் கொள்ளாமல் நெஞ்சில் லேசாகத் தள்ள வேண்டும். அவர் காலைப் பின்னால் வைத்துச் சமாளிக்க வேண்டும். தினம் பத்துத் தடவை.

யார் தள்ளுவது? மகன் சிவக்குமார் லாரி ஓட்டுகிறவன். வடக்கே போனால் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆகும். மிச்சம் அன்பரசி ஒருத்திதான். மாமனார் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறவள். வாக்கப்பட்டு வந்த இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் காபி டம்ளரைக்கூட அவர் கையில் நேராகக் கொடுத்ததில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அப்படிப்பட்டவளை மாமனார் நெஞ்சில் கை வைத்துத் தள்ளு என்றால் எப்படி இருக்கும்? முதல் நாள் அவள் தள்ளிய தள்ளில் ஒரு ஈகூடப் பறந்திருக்காது.

சென்னப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இது யாருக்கும் தெரியக் கூடாது, சிவக்குமாருக்கும் கூடாது. அவன் வாயில் எதுவும் தங்காது, நேரே அக்காவுக்குப் போன் போட்டுவிடுவான். அதோடு, கிழவனுக்கு மருமகள் நிற்கப் பழக்குகிறாள் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் கிணற்றுச் சுவர் மேல் கைவீசி நடந்தவருக்கு அது தாங்காது. அன்பரசி சரி என்றாள். புருஷனிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவள், இதை மட்டும் மறைத்தாள்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், தெருவுக்குத் தெரியாத இடத்தில், தினம் சாயங்காலம் நாலு மணிக்குப் பயிற்சி நடந்தது. ஒரு மாதத்தில் அவள் கைக்குத் துணிச்சல் வந்தது, அவர் காலுக்குப் புத்தி வந்தது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே திடீரென்று தள்ளுவாள். அவர் ஓரடி பின்னால் வைத்து நின்றுவிடுவார். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். தன் மனைவி செத்த பிறகு அந்த வீட்டில் யாரும் தன்னோடு சேர்ந்து சிரித்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறைவான இடம் என்று அவர் நினைத்தது மேற்கு வேலிக்கு மறைவில்லை. பக்கத்துக் காட்டு ராமக்காள் புல் அறுக்க வந்தவள் வேலிச் சந்தில் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது, ஒரு பெண் இரண்டு கையாலும் கிழவரை நெஞ்சில் தள்ளுவதும், அவர் சுவர்ப் பக்கம் தடுமாறிப் போவதும்தான். மறுநாளும் அதேதான். கெட்ட மனசுக்காரி இல்லை. ஆனால் பார்த்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். நாலே நாளில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் சேதி போய்விட்டது. அந்தக் கை முறிந்ததுகூட இவள் வேலைதானாம் என்று கூடவே ஒரு வாலும் முளைத்தது.

ராமக்காளே ஒருநாள் கடைத்தெருவில் அவரை நிறுத்தி, வூட்டுல உங்களை நல்லாப் பாத்துக்கறாங்களா என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது. உள்ளதைச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள்.

"வயசாயிட்டா அப்புடித்தான், விடு" என்றார்.

சொல்லிவிட்டு நடந்தபோதே தான் செய்தது பாவம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் போய்த் திருத்தவில்லை.

அதன் பிறகு பால் சொசைட்டியில் அன்பரசி கேனோடு போய் நின்றால், அதுவரை நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். ஒருத்தி மூஞ்சிக்கு நேராகவே கேட்டும்விட்டாள். அன்றைக்கு அன்பரசி வந்து, இதை வெளியே சொல்லிவிடுங்கள் மாமா என்று கேட்டாள். சொல்லலாம், சொல்லலாம் என்றார். தக்காளி பறிப்பு முடியட்டும் என்றார். பறிப்பு முடிந்ததும், சிவக்குமார் வரட்டும் என்றார். அவள் மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை கேட்கவில்லை. நாலு மணிக்கு மட்டும் தவறாமல் வந்து தள்ளினாள், சிரிப்பது நின்றுபோயிருந்தது.

ஊர்ப் பேச்சு பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் போய்விட்டது. ஒரு புதன்கிழமை மதியம் காவேரி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. வந்ததும் அப்பாவின் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். தம்பிக்குப் போன் போட்டாளாம், அவன் தனக்கு ஒன்றும் தெரியாது என்றானாம். அவள் போட்ட சத்தத்தில் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ராமக்காளும் வந்து நின்றாள்.

சென்னப்பன் அப்போதுதான் வாயைத் திறந்தார். விழுந்த கதை, மறைத்த கதை, சுசித்ரா சொன்ன பயிற்சி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். யாரும் நம்பவில்லை. பாவம், சோறு போடுகிறவளுக்குப் பயந்துகொண்டு பேசுகிறார் என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. தன் வாயால் சொன்ன உண்மை தனக்கே பொய் போலக் கேட்டது. அவர் எழுந்து சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

"தள்ளும்மா. இவங்க பாக்கட்டும்" என்றார்.

அன்பரசி அசையவில்லை. கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அவர் இரண்டாம் தடவையும் சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து, அதிலிருந்த நம்பரைக் காவேரியிடம் காட்டினாள்.

காவேரி அந்த நம்பருக்குப் பேசினாள். சுசித்ரா என்ன சொன்னாளோ, கேட்கக் கேட்க இவள் முகம் சுருங்கியது. போனை வைத்துவிட்டு, எனக்குத் தெரியாதும்மா, தப்பா நெனைச்சிட்டேன் என்று அன்பரசியின் கையைப் பிடித்தாள். அதற்குள் வாசல் கூட்டம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. போனில் என்ன சொன்னார்கள் என்று கேட்க ராமக்காள் உட்பட ஒருத்தரும் நிற்கவில்லை.

சென்னப்பனுக்கு உயிர் வந்தது. பையிலிருந்த வேட்டிகளை எடுத்து வெளியே வைக்கப் போனார். அன்பரசி அந்தப் பையை மெல்ல இழுத்து, ஜிப்பை மூடினாள்.

"அண்ணி நம்பிட்டாங்க மாமா. ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் யாருங்க போன் பண்றது?" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீங்க அண்ணி வூட்டுலயே இருங்க. இங்க நீங்களா கால் தடுக்கி விழுந்தாலும், இனி நான் தள்ளுனதுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். பையைத் தானே தூக்கிக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.