வாசல் எண்ணிச் சேர்த்த பள்ளிக்கூடம்

எம். புதுப்பட்டியிலிருந்து ஆமத்தூர்ப் பக்கம் குடி வந்தபோது எங்கள் சாமான் ஒரு குட்டியானை வண்டிக்குப் பாதி கூட வரவில்லை. மீதி இடத்தில் நானும் என் மகள் பானுப்பிரியாவும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டோம். நடுவில் அவளுடைய தகரப்பெட்டி. வழியெல்லாம் அவள் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. எங்களுக்கு நடுவில் இருந்து பேச வைத்தவள் அவள் அம்மா அருணாதேவி. அவள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

அவள் செத்துப்போன வெடி விபத்தோடு, நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த பழைய பட்டாசுக் கம்பெனியையும் பூட்டிவிட்டார்கள். இரண்டு வருடம் கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது இங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். வேன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்தேன். ஒரே அறைதான், ஆனால் முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். அதற்காகத்தான் பிடித்தேன். பானு தன் பெட்டியைப் பின்வாசல் பக்கம் வைத்துவிட்டாள், கதவு பாதிதான் திறந்தது. வேறு இடத்தில் வை என்று தினமும் சொன்னேன். வேறு இடம் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பில் அவள் நானூற்று முப்பத்தாறு வாங்கியிருந்தாள். அடுத்த படிப்புக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எந்தப் பள்ளிக்கூடமானாலும் சரி, உயிரியல் பிரிவு இருக்கவேண்டும். நர்சுக்குப் படிக்க அது வேண்டுமாம். மதுரை ஆஸ்பத்திரியில் அவள் அம்மா ஒன்பது நாள் கிடந்தாள். பகல் பூராவும் பக்கத்தில் இருந்தவள் இவள்தான். அங்கே வைத்தே முடிவு செய்திருப்பாள்.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு கவர்மெண்டு பள்ளிக்கூடங்களைப் பார்க்கப் போனேன். நானும் வருகிறேன் என்று பானு கிளம்பினாள். வெயிலில் எதற்கு, நான் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

முதலில் விருதுநகர் டவுனில் ஒரு பெண்கள் பள்ளி. மூன்று மாடிக் கட்டடம். பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பிரிவு உச்சி மாடியில். ஏறிப் போய்ப் பார்த்தேன். அறைக்கு ஒரு வாசல், ஜன்னலுக்கெல்லாம் கம்பி. ஐம்பது அறுபது பிள்ளைகள் உட்காரும் அறை. ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் அடியிலும் உடைந்த பெஞ்சுகளைப் பாதி வழி வரைக்கும் அடுக்கிப் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. விண்ணப்பம் வாங்காமலே வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்தது எங்கள் வீட்டுக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த மேல்நிலைப் பள்ளி. வேப்பமரங்களுக்கு நடுவில் ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாக, எட்ட எட்ட நின்றது. எல்லாம் தரையோடு கட்டியது. ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே இரண்டு வாசல், கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்தன. ஒழுங்காக நடக்கிற பட்டாசுக் கம்பெனியை அப்படித்தான் கட்டுவார்கள். ஓர் அறையில் ஏதாவது ஆனாலும் அடுத்த அறைக்குப் போகாது, உள்ளே இருப்பவன் எந்தப் பக்கமும் ஓடலாம். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டேன். உள்ளே போகுமுன் என் கை வாசல் நிலையைத் தடவியது. கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும்போது வாசலில் ஒரு செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் போவோம். அந்தப் பழக்கம்.

பானுவின் மார்க்கைப் பார்த்ததும் தலைமையாசிரியருக்குச் சந்தோஷம். நாற்காலி போடச் சொன்னார். உயிரியல் இல்லை, வணிகவியல்தான் இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. நான்தான் பரவாயில்லை என்றேன். கையில் கொண்டுபோன டிசியையும் மார்க் சீட்டையும் கொடுத்து, பெயரைப் பதிந்துவிட்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பானு கேட்டாள்.

"உயிரியல் இருக்காப்பா?"

"இல்லத்தா. ஆனா பக்கத்துல இருக்கு. நடந்தே போயிரலாம்."

அவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. பள்ளி திறந்ததும் போனாள், வந்தாள். நான் வேலை முடிந்து வரும்போது சோறு மூடியிருக்கும். அவள் பெட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். என்ன பாடம் என்று கேட்டால் பாடத்தின் பெயரைச் சொல்வாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்வரலாமா என்று ஒருநாள் கேட்டேன். நீ போயிட்டு வா என்றாள். சாப்பிடும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்காருகிறவன் தனுஷ்கோடி, அவனும் லோடுமேன்தான். பொண்ணை ஏன் டவுனில் சேர்க்கவில்லை என்று அவன் துருவியபோது வாய்தவறி உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவன் வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"ஏண்ணே, பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் பாக்கப் போனீகளா, இல்ல பட்டாசுக் கம்பெனிக்கு லைசென்சு குடுக்கப் போனீகளா?"

வேனே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு அவனோடு நிற்கவில்லை. அவன் பொண்டாட்டி பாலம்மாள் குழாயடியில் வைத்து, உங்கப்பன் வாசலை எண்ணியா உன்னைச் சேர்த்தார் என்று பானுவிடமே கேட்டிருக்கிறாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பானு குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். குடி வந்த வண்டியில் உட்கார்ந்த மாதிரியே.

"வாசல் எண்ணித்தான் சேத்தியாப்பா?"

ஆமாம் என்றேன். டவுன் பள்ளியின் படிக்கட்டையும் பெஞ்சுகளையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அம்மா இருந்த ரூமுக்கு எத்தன வாசல்?"

"நாலு."

"நாலும் தொறந்தா இருந்துச்சு?"

விபத்து நடந்த அன்று மூன்றுதான் திறந்திருந்தன. ஐப்பசி மாதம், தீபாவளிச் சீசன், வானம் மூடிக்கொண்டு நின்றது. லோடு ஏற்றவேண்டிய லாரி வரவில்லை. பட்டாசுப் பெட்டி நனையக்கூடாது என்று போர்மேன் சத்தம் போட்டான். நான்தான் தூக்கிக்கொண்டு போய் மேற்கு வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கினேன். அருணாதேவி உட்காரும் இடம் அந்த வாசலை ஒட்டித்தான். வழியை அடைக்காதீக என்றாள். அரை மணி நேரந்தான் என்றேன். அதற்குள்ளேயே வெடித்துவிட்டது. இதை விசாரணைக்கு வந்தவர்கள் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

பானு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா சொல்லுச்சு, ஆஸ்பத்திரியில வச்சு. உங்கப்பாகிட்ட இதக் கேட்டுறாதன்னும் சொல்லுச்சு. நானும் கேக்கல. இப்பவும் அதக் கேக்கல." பிறகு, "நான் போற வாசல்ல பெட்டி அடுக்காதப்பா" என்றாள்.

எழுந்து போய் அரிசியைக் களைந்தாள். இரண்டு வருடமாக ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை அம்புட்டையும் தனியாகச் சுமந்திருக்கிறது.

மறுநாள் வேன் என் முன்னால் வந்து நின்றது. ஏறவில்லை. பானுவையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். அவருக்கு வருத்தம். பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, நல்லாப் படிக்கிற பிள்ளை, விட மனசில்லை என்றார். தப்பு என்னோடது சார், பிள்ளை கேட்ட படிப்பு வேற என்றேன். அவர் பானுவைப் பார்த்தார். பிறகு அவரே டவுன் பள்ளிக்குப் போன் போட்டு, இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு டிசியை எழுதித் தந்தார்.

டவுனில் இருந்த டீச்சர் கறாரானவர். இடம் இருக்கிறது, ஆனால் சாயங்காலம் தனி வகுப்பு நடக்கும், அது முடிந்து உங்கள் ஊருக்குப் பஸ் பிடித்துப் பிள்ளை போய்வருவது கஷ்டம் என்றார். பக்கத்திலேயே கவர்மெண்டு ஹாஸ்டல் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுங்கள் என்றார். நான் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பானு என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்வேனா என்றுதான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது.

பேனாவை வாங்கி, ஹாஸ்டல் படிவத்தில் என் பெயரை முனியராஜ் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது அந்தப் பெஞ்சுகள் அப்படியே கிடந்தன. திரும்பிப் போய் டீச்சரிடம், இதை எங்கே போடணும் என்று கேட்டேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. வாட்ச்மேன் இல்லை, ஆள் சொல்லியிருக்கிறோம் என்று என்னென்னவோ சொன்னார். நான் லோடுமேன் டீச்சர் என்றேன். மைதானத்துக் கடைசியில் இருந்த பழைய ஷெட்டைக் காட்டினார்.

பதினான்கு பெஞ்சுகள். முதல் பெஞ்சை நான் தோளில் ஏற்றியபோது மறுமுனை லேசானது. திரும்பிப் பார்த்தேன். பானு பிடித்திருந்தாள். பதினான்கையும் சேர்ந்தே சுமந்தோம். முடிந்ததும் அவள் படிக்கட்டின் அடியில் நின்று, கையை இரண்டு பக்கமும் விரித்து அகலம் பார்த்தாள். சுவரில் கை படவில்லை.

"போதுமாப்பா?"

போதும் என்றேன்.

மறுநாள் பெட்டியைத் தலையில் வைத்து ஹாஸ்டல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாமாம். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் வேறு பிள்ளைகளோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் பின்வாசல் கதவைத் தள்ளினேன். பாதியில் இடிக்கும் என்று கையை லேசாக வைத்துத்தான் தள்ளினேன். அது இடிக்கவில்லை. சுவர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. முன்வாசலும் திறந்து கிடந்தது. இந்தப் பக்கம் வந்த காற்று எதிலும் படாமல் அந்தப் பக்கம் போனது. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.