நேராக வரும் பந்து

வெள்ளிக்கிழமை மதிய ஷிப்டில் கிரேன் நின்றுவிட்டது. தூக்கிய பாய்லர் தகடு ஆள் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. எலக்ட்ரீஷியன் வரும்வரை அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. மச்சான் கிரைண்டரை அணைத்துவிட்டு, விரலிடுக்கில் ஏறியிருந்த இரும்புத் தூளைப் பேண்டில் தேய்த்தார்.

அவர் பெயர் மச்சான் இல்லை. அவருடைய தங்கையைக் கட்டியவன் அதே ஷெட்டில் வெல்டர். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஷெட் முழுவதும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, இப்போது சூப்பர்வைசர் லீவ் தர மறுக்கும்போதுகூட "முடியாது மச்சான்" என்றுதான் சொல்கிறார்.

தங்கை புருஷன் வெல்டர் மட்டுமல்ல, கம்பெனி ஃபுட்பால் டீமின் கோல்கீப்பரும்கூட. பந்து தாண்டாது என்பதால் 'செவுரு' என்று பட்டம். டீமுக்காகத்தான் அவனுக்கு வேலையே கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சொந்த கிரவுண்டில் மேட்ச். லீக் பட்டியலில் டீம் கடைசியில் கிடந்தது. இதிலும் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்; இறங்கினால் டீமையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. கம்பெனியில் சங்கம் கிடையாது, கேண்டீனில் வாயில் வைக்கிற மாதிரி சோறு கிடையாது. நம்முடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்த டீம் ஒன்றுதான்.

"நம்ம கிரவுண்டுல வந்து நம்மள அடிச்சுட்டுப் போயிருவானுங்களா?" என்றார் பெயின்டர். "எங்க மேடு, எங்க பள்ளம்னு நமக்குத்தான் தெரியும். அவனுங்க தடுக்கி விழுவானுங்க பாரு."

"போன தடவ நம்மாளுங்கதானே விழுந்தானுங்க?"

"அது பழக்கத்துல விழுந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். ஏணியில் இறங்கி வந்த கிரேன் ஆபரேட்டர் மட்டும் சிரிக்கவில்லை. மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக் கீழே வந்து எல்லோரிடமும் சொல்வதால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

"செவுரு நிக்கற வரைக்கும் நாம ஜெயிக்க மாட்டோம்" என்றார். "கடைசியா ஆடுன மேட்ச்செல்லாம் நெனச்சுப் பாருங்க. மூலைக்குப் போற பந்தப் பாஞ்சு புடிக்கறான். மூஞ்சிக்கு நேரா வர்றத விட்டுடறான். பச்சப்புள்ள புடிக்கும் அதை. அது தெரியாம விடறதா, தெரிஞ்சு விடறதா?"

"செவுத்துல ஓட்ட விழுந்துருச்சுன்னு வெச்சுக்க" என்றார் பெயின்டர்.

"தானா விழல. எவனோ துளை போட்டிருக்கான்." ரேடியோ குரலைத் தாழ்த்தினார். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மஞ்சக் கட்டடம் இருக்கே, கீழ செல்போன் கடை, அதுக்குள்ள போன சனிக்கிழமை ஏறிப் போனான். என் கண்ணால பாத்தேன். மொத மாடில என்ன நடக்குதுன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. மேட்ச் மீது பந்தயம் கட்டுகிற இடம் அது என்று ஊருக்கே தெரியும். ஒவ்வொருவராக மச்சானைப் பார்த்தார்கள்.

"நான் எதுவும் சொல்லல மச்சான். நீயே கேட்டுச் சொல்லு" என்றார் ரேடியோ.

ஷெட்டின் கோடியில் தார்ப்பாய்த் திரைக்குப் பின்னால் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி எரிந்துகொண்டிருந்தது. கிரேன் நின்றாலும் வெல்டிங் நிற்பதில்லை. மச்சான் திரையை விலக்கி நின்றார். நேரடியாகக் கேட்க நாக்கு எழவில்லை.

"நாளைக்கு அரை நாள்தானே. மத்தியானம் எங்கயாவது போறியா மாப்ள?"

"எங்கயும் போகல மச்சான். வீட்லதான்." செவுரு மாஸ்க்கைத் தூக்காமலே சொல்லிவிட்டு அடுத்த வெல்டிங் ராடை மாட்டினான்.

சனிக்கிழமை மத்தியானம் மச்சான் மஞ்சள் கட்டடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்று, வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தார். வரமாட்டான் என்றுதான் நினைத்தார். வந்தான். அவனுக்கு முன்னால் தங்கை வந்தாள். அவள்தான் முதலில் படியேறினாள்.

அவள் வீட்டில் போன மாதம் புது ஃபிரிட்ஜ் வந்தது. அவரும் ஒரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். தவணையில் வாங்கினோம் என்று தங்கை சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது அந்த ஃபிரிட்ஜ் அவர் நெஞ்சில் உட்கார்ந்தது. வெகுநேரம் கழித்து இருவரும் இறங்கி வந்தபோது அவர் நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். கூடப் பிறந்தவளுக்கு ஒளிந்து நிற்பது அவருக்கே கேவலமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் வீட்டுக்கு அவர் போனபோது தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் செவுரு ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

"உக்காரு அண்ணா."

"உக்கார வரல. மஞ்சக் கட்டடத்துல ரெண்டு பேருக்கும் என்ன வேலை?"

கத்தி நின்றது. "வேவு பாத்தியா?"

"பாக்க வெச்சுட்டீங்க. உம் புருஷன் மேட்ச்ச வித்துட்டான்னு ஷெட்டே பேசுது. மொத மாடிக்குப் போற அளவுக்கு அப்படி என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"அந்தக் கட்டடத்துல ரெண்டாவது மாடியும் இருக்கு அண்ணா" என்றாள். "கண் டாக்டர் இருக்காரு."

உள்ளேயிருந்து செவுரு பேசினான். துணியை எடுக்கவில்லை. "நடுவுல கருப்பா ஒரு புள்ளி மச்சான். ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. எத நேராப் பாக்கறனோ அது மட்டும் காணோம். முகத்த ஒரு பக்கமாத் திருப்பினா தெரியும். ஆனா நான் திருப்பற வரைக்கும் பந்து நிக்குமா?"

மச்சான் சுவரில் சாய்ந்தார்.

அவசர ஆர்டர் ஓடிய மாதத்தில் அவனுடைய மாஸ்க்கின் கருப்புக் கண்ணாடி விரிசல் விட்டது. வேறு வேண்டுமென்று ஸ்டோரில் கேட்டான். ஸ்டாக் வரட்டும் என்றார்கள். விரிசல் மேல் டேப் ஒட்டிக்கொண்டு மாதம் முழுக்க வெல்டிங் அடித்தான். டேப் ஓரத்தில் வெளிச்சம் புகுந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த மாஸ்க்கை மச்சான் பார்த்திருக்கிறார். எல்லோரும்தான் பார்த்தார்கள். இப்போதும் ஷெட்டில் டேப் ஒட்டிய மாஸ்க்குகள் உண்டு.

"கம்பெனில சொல்லு மாப்ள. கண்ணாடி குடுக்காதது அவங்க தப்புதானே?"

"பிரஸ் மெஷின்ல விரல் போனவருக்கு என்ன எழுதுனாங்க? கவனக்குறைவுன்னு எழுதி, அன்ஃபிட்டுன்னு வெளிய அனுப்பிட்டாங்க. எனக்கு மாஸ்க் போடலன்னு எழுதுவாங்க."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"கொஞ்ச மாசம் வெல்டிங் பக்கமே போகக் கூடாதாம். அப்புறம் பாக்கலாம்னாரு."

வெல்டிங் பக்கம் போகாவிட்டால் வெல்டருக்கு வேலை ஏது?

"மேட்ச்சாவது ஆடாம இரேன்."

"ஏன் ஆடலன்னு கேப்பாங்க. கம்பெனி டாக்டர்கிட்ட அனுப்புவாங்க" என்றாள் தங்கை.

"ரேடியோகிட்ட மட்டுமாவது சொல்றேன். பசங்க நாளைக்குக் கத்தப் போறானுங்க."

"ரேடியோகிட்டயா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும் அண்ணா. குருடன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது. திருடன்னு சொன்னா சாட்சி கேப்பாங்க, வேலை போகாது. இதுக்கு அவங்க ஒரு எழுத்தக் காட்டிப் படிக்கச் சொன்னாப் போதும்."

புறப்படும்போது மச்சான் வாசலில் நின்று சொன்னார்: "நான் வலைக்குப் பின்னாடி நிக்கறேன் மாப்ள. நேரா வந்தா 'நேரா'ன்னு கத்தறேன். எங்குரல் உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் மச்சான்."

ஞாயிற்றுக்கிழமை அவர் கதவு திறக்கும்போதே உள்ளே போய், கோல் போஸ்ட்டுக்கு நேர் பின்னால் கம்பித் தடுப்பை ஒட்டி இடம் பிடித்தார். வெயில் ஏற ஏறக் கூட்டம் சேர்ந்தது. ஃபவுண்டரி ஆட்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். பேக்கிங் பிரிவுப் பெண்கள் பழைய டின் மூடிகளைக் கொண்டுவந்து தட்டினார்கள். ஒரு கோல் போதும், சமன் ஆனால்கூடப் போதும், மற்ற மேட்ச் மழையில் நின்றுபோனால் நாம் தப்பிவிடுவோம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கேட்டவர்கள் அப்படியே நம்பினார்கள்.

ரேடியோவும் பெயின்டரும் ஷெட் ஆட்களும் தேடிக்கொண்டு வந்து அவரைச் சுற்றியே உட்கார்ந்தார்கள்.

"கேட்டியா மச்சான்?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

மச்சான் காலி கோல் போஸ்ட்டைப் பார்த்தபடி சொன்னார்: "ஒண்ணும் சொல்லல."

"அப்பச் சரி. இதுக்கு மேல என்ன சொல்லணும்?" என்று ரேடியோ பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே செய்தி போய்ச் சேர்ந்தது.

செவுரு வந்து நின்றான். மேட்ச் தொடங்குமுன் பயிற்சிக்காக டீம் ஆட்கள் பந்தை அடித்துக் கொடுத்தார்கள். முதல் பந்து நேராக வந்தது.

"நேரா" என்று மச்சான் கத்தினார். அவன் இரண்டு கைகளையும் மார்புக்குக் கொண்டுவந்து பந்தை அணைத்துக்கொண்டான். அவருக்கு மூச்சு வந்தது.

பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள். "திரு-டன், திரு-டன்." டின் மூடிகள் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது பந்து வந்தபோது மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். அவருக்கே அவர் குரல் கேட்கவில்லை. பந்து செவுருவின் தோளில் பட்டு வலைக்குள் போனது. கூட்டம் சிரித்தது.

"பரவால்ல மச்சான்" என்று பெயின்டர் அவர் முதுகில் தட்டினார். "சொந்தம்னு பாக்காம நீயும் கத்தற பாரு."

செவுரு பந்தை எடுக்கக் குனிந்து, எடுக்காமல் நிமிர்ந்தான். வலைக்குப் பின்னால் குரலைத் தேடினான். பிறகு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, யாருமே உட்காராத மூலைப் படிக்கட்டுகளை நோக்கி வைத்துக்கொண்டான்.

"பாத்தியா" என்றார் ரேடியோ. "நம்ம மூஞ்சிய நேராப் பாக்க முடியல அவனால."

தாளம் இன்னும் வேகமானது. செவுரு முகத்தைக் காலிப் படிக்கட்டுகள் பக்கம் வைத்தபடியே, ரெஃப்ரி விசில் ஊதும்வரை ஓரப் பார்வையால் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.