துரை கேட்டார்

அலமாரியைத் திறந்தபோது தன் சேலைகள் எல்லாம் மூட்டையாகிக் கீழ்த்தட்டில் கிடப்பதைப் பார்த்துத்தான் சிஸ்டருக்கு விஷயமே தெரிந்தது. முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவுக்கு இன்றைக்கும் சிஸ்டர்தான். கட்டி வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். ஃபைல் கட்டுகிற மாதிரி நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு முடிந்திருந்தது. அவள் புருஷன் தேயிலைத் தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்தவர்.

“எங்க போறோம்?” என்றாள்.

“உன் தங்கச்சி வீட்டுக்கு. ரெண்டு மாசம்தான். முன்பக்கத்துத் துரையோட பிள்ளைங்க ஊர்லேர்ந்து வர்றாங்களாம். இந்த ரூமும் கிடைக்குமான்னு கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“துரை கேட்டார்னு சொல்றேனே.”

அவ்வளவுதான் பதில். அதற்கு மேல் கிளாக்கரிடமிருந்து ஒன்றும் பெயராது. அவருடைய அப்பாவும் அதே ஆபீஸில் கிளாக்கர். அப்பா காலத்தில் தோட்டத்துக்கு நிஜமான வெள்ளைக்காரத் துரை. இவர் காலத்தில் நம்மாட்களே துரையாகிவிட்டார்கள், ஆனால் நாற்காலி அதே நாற்காலி. கேட்பது வேறு, உத்தரவு போடுவது வேறு என்று அப்பாவுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, பிள்ளைக்கும் சொல்லித்தரவில்லை.

வீட்டின் முன்பகுதியில் குடியிருந்தது வயதான வெள்ளைக்காரத் தம்பதி. சொந்த ஊரில் பென்ஷன் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டேனென்கிறது, இங்கே வந்தால் ராஜா மாதிரி இருக்கலாம் என்று யாரோ சொல்லி, எழுபது வயதில் நாலு பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். ஒருநாள் சிஸ்டர் அந்த மனுஷனுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார், நாற்பது வருடம் டவுன் பஸ் ஓட்டினாராம். சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓடி வந்து புருஷனிடம் சொன்னாள். “சும்மா இரு. அவங்க ஊர் பஸ் வேற” என்றுவிட்டார் கிளாக்கர்.

வந்த புதிதில் அந்தத் துரை தன் தட்டைத் தானே கழுவினார், கேட்டைத் தானே திறந்துகொண்டார். கிளாக்கருக்குத்தான் பொறுக்கவில்லை. கார் சத்தம் தெருமுனையில் கேட்டாலே செருப்புகூடப் போடாமல் ஓடினார். வேண்டாம் வேண்டாம் என்று கூசிய துரை மூன்றாம் மாதம் நன்றி சொன்னார், ஆறாம் மாதம் ஹாரன் அடித்தார். அடித்தவர்மேல் கோபப்படுவதா, பழக்கிவிட்டவர்மேல் கோபப்படுவதா என்று சிஸ்டருக்குப் பிடிபடவில்லை.

இது அவள் வீடு. நைட் டியூட்டி பார்த்துப் பார்த்துக் கட்டியது. முன்பகுதியை வாடகைக்கு விட்டதே கிளாக்கரின் இதய ஆபரேஷனுக்கு அப்புறம்தான். மிச்சம் இருப்பது இந்தப் பின்னறை ஒன்று. இதையும் விட்டுக் கிளம்பினால் திரும்பி வருவோம் என்பதற்கு என்ன நிச்சயம்? பிள்ளைகள் போனதும் துரைசானிக்குத் தையல் மெஷின் போட ஓர் அறை வேண்டியிருக்கும். அதையும் துரை கேட்பார். நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மூட்டையை அவிழ்த்துச் சேலைகளைத் திரும்ப அடுக்கினாள். பிறகு முன்பக்கம் நடந்தாள்.

“இந்தா, எங்க போற? துரை சாப்பிடுற நேரம்” என்று கிளாக்கர் பின்னாலேயே வந்தார்.

துரை ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டிருந்தார். டாக்டர்களோடு மல்லுக்கட்டிப் பழகிய இங்கிலீஷ் சிஸ்டருக்கு இருந்தது. அறை தர முடியாது, வீடு என் பேரில் இருக்கிறது, இவர் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டார், நாங்கள் எங்கேயும் போவதாக இல்லை என்று நின்றபடியே சொல்லி முடித்தாள்.

துரையின் காது வரை சிவந்துவிட்டது. முடியுமா என்றுதான் கேட்டேன், லாட்ஜ்கூடப் பார்த்து வைத்திருக்கிறோம், முடியாது என்று சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பேனே என்றார். பொய்யில்லை. எத்தனை நோயாளி முகத்தைப் பார்த்தவள், அவளுக்குத் தெரியாதா? அடித்துப் பிடுங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“கேட்டீங்களா? முடியாதுன்னா விட்டிருப்பாராம்” என்றாள் புருஷனைப் பார்த்து.

கிளாக்கர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, “மன்னிக்கணும் சார். அவளுக்கு விவரம் பத்தாது” என்று துரையிடம் இங்கிலீஷில் சொன்னார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் முன்னால் அவளை ஒரு வார்த்தை குறைத்துப் பேசாத மனுஷன். அங்கே அழக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துரைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, தயவுசெய்து உட்காருங்கள் என்றார். கிளாக்கர் சிரித்தபடி நின்றார். துரை இரண்டாம் தரம் சொன்னார். அப்போதும் நின்றார். சிஸ்டர் போய்ப் புருஷனின் தோள் இரண்டையும் பிடித்தாள், மயக்கம் தெளியாத நோயாளியை உட்காரவைப்பதுபோல அழுத்தி உட்காரவைத்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையை எடுக்காமல் பின்னாலேயே நின்றுகொண்டாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. துரைசானி டீ ஊற்றி அவர் முன்னால் ஒரு கோப்பை வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

சர்க்கரை எடுக்க வேண்டித் துரை எழுந்தார். கூடவே சிஸ்டரின் உள்ளங்கைக்குக் கீழே கிளாக்கரின் இரண்டு தோளும் மேலே வந்தன. பலம் கொண்டமட்டும் அழுத்தினாள். வந்துகொண்டே இருந்தன.