குடை, சாவி, செருப்பு

டீச்சர் தன் முப்பது வருட வேலையில் ஒரே ஒரு குற்றத்தைத்தான் மன்னித்ததில்லை: பரீட்சையில் காப்பி அடிப்பது. கண்கொத்திப் பாம்பாக நிற்பாள். பக்கத்துப் பையனின் தாளை எவனாவது எட்டிப் பார்த்தால் தொலைந்தான். அப்பேர்ப்பட்டவள்தான் எட்டு மாதத்துக்கு முன்னால், இதே ஆஸ்பத்திரி அறையில், கட்டிய புருஷனுக்கே விடை சொல்லிக் கொடுத்தாள்.

புருஷன் கணக்கு வாத்தியார். அதற்கும் ஒரு வருடம் முன்பிருந்தே அவர் திருத்திய விடைத்தாள்களில் கூட்டல் தப்பாக வந்தது. அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து டீச்சர் எடுத்துச் சரிபண்ணி வைப்பாள், அவர் எழுதுகிற மாதிரியே ஏழுக்கு நடுவில் கோடு போட்டு. "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. வாத்தியாருக்கு அப்போது ஐம்பத்தாறுதான்.

மனசு கேட்காமல் ஒருநாள் டாக்டரம்மாவிடம் கூட்டி வந்தாள். அவர் மூன்று வார்த்தைகள் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வாத்தியார் திருதிருவென்று விழித்தார். அதைப் பார்க்கச் சகிக்குமா? டாக்டர் குனிந்து எழுதுகிற சமயம் பார்த்து டீச்சர் மடியிலிருந்த குடையைத் தடவினாள். சாவிக்கொத்தைக் குலுக்கினாள். காலை நீட்டிச் செருப்பை ஆட்டினாள்.

"குடை, சாவி, செருப்பு!"

பாஸ். "கவலைப்பட ஒண்ணுமில்ல, ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அதை எவ்வளவு பெருமையாக மகளுக்குப் போனில் சொன்னாள், பாவி!

போன வாரம் வாத்தியார், பதினாறு வருடத்துக்கு முன் காலி பண்ணின வீட்டுக்குப் போய், அங்கே குடியிருப்பவர்களிடம் "என் வீட்ல நீங்க யாரு?" என்று சண்டை போட்டார்.

இன்று அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டீச்சர் உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"என்னாலதான் டாக்டர் அவருக்கு இப்படி ஆயிடுச்சு."

"நோய் உங்களால வரல. அல்சைமரா இருக்கலாம். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பாத்துட்டுத்தான் உறுதியா சொல்லணும். மூளையில ஒருவிதப் புரதம் படிஞ்சு, செல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். ஏன் சிலருக்கு மட்டும் வருதுன்னு இன்னும் முழுசா தெரியல."

"மருந்து இருக்கா?"

"குணப்படுத்துற மருந்து இல்லம்மா. ஞாபகத்தைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கிற மாத்திரை இருக்கு."

"அப்பவே குடுத்திருந்தா?"

டாக்டர் பேனாவை மூடினார். "இன்னும் சில நல்ல மாசங்கள் கிடைச்சிருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். இன்னைக்காவது அவரே பதில் சொல்லட்டும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு.

வாத்தியார் வந்து உட்கார்ந்தார். இந்த முறை வார்த்தைகள் வேறு: மணி, ரயில், தாமரை. சமர்த்தாகத் திருப்பிச் சொன்னார். பிறகு டாக்டர் தேதி கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். ஐந்து நிமிஷம் போனது.

"அந்த மூணு வார்த்தை என்ன சார்?"

டீச்சர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். விடை நாக்கு நுனிவரை வந்து முட்டியது. வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் மேலே பார்த்தார், மேசையைப் பார்த்தார், கடைசியில் வழக்கம்போல் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மடியில் குடை இருந்தது, சாவிக்கொத்து இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"குடை," என்றார். "சாவி." குனிந்து அவள் காலைப் பார்த்தார். "செருப்பு."

பிறகு அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எல்லாம் சரிதானே டீச்சர்?"

டீச்சருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் சொல்லிக்குடுத்தது டாக்டர்," என்றாள். "அதை மட்டும் மறக்கல பாருங்க."