செத்த பிறகு ஒரு சிரிப்பு

மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் ஒற்றை ரூபாய், கழுத்தில் ரோஜா மாலை, இப்படித்தான் என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார், எங்கிருந்தோ கட் என்று ஒரு குரல் வரும், அவர் எழுந்து உட்கார்ந்து பஞ்சை எடுத்துவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார், பிணமாக நடித்தவர் அப்படிச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும், அந்தச் சிரிப்பையும் படம்பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அவருக்கு ஆகாது என்பது சினிமாக்காரர்களின் நம்பிக்கை, நான் இதையெல்லாம் பார்த்ததில்லை, அவர் சொல்லிக் கேட்டதுதான், கேட்டுக் கேட்டுப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. மேடையில் அவர் சாகவே மாட்டார், நீதிபதி, சம்பந்தி, ஓய்வுபெற்ற தபால்காரர், கடைசி வரிசைவரை போகிற குரல், சபாவில் அந்தக் குரலுக்கே கைதட்டல் விழும், சினிமாவில் அதைத்தான் வேண்டாமென்றார்கள், மைக் இருக்கு சார், கத்தாதீங்க, அவரும் குறைத்துக் குறைத்துக் கடைசியில் பேச்சே இல்லாத வேடத்துக்கு வந்து சேர்ந்தார், கதாநாயகனின் அப்பா, இடைவேளைக்கு முன்பே போய்விடுகிற அப்பா, மூச்சை வயிற்றுக்குள் இறக்கிக்கொண்டு இமை துடிக்காமல் கிடக்கக் குழந்தைவேலுவை விட்டால் ஆளில்லை என்று பேர், மேடையில நின்னா சோறு, சினிமாவுல படுத்தா சோறு என்பார், எனக்குச் சிரிப்பு வராது, படம் பார்க்கப் போனாலும் அவர் நெஞ்சைப் பிடிக்கிற இடம் வந்ததும் வெளியே போய் பாப்கார்ன் கடையருகே நின்றுகொள்வேன், படப்பிடிப்பு முடிந்து வந்தால் வாசலிலேயே கேட்பேன், சிரிச்சீங்களா, சிரிச்சேன்மா, பல்லு மொத்தமும் தெரியச் சிரிச்சேன், அதற்கப்புறம்தான் காப்பி.

அன்றைக்குக் கேட்டபோது செருப்பைக் கழற்றிக்கொண்டே நிற்கிறார், மழையில் ஜெனரேட்டர் நின்றுபோய் எல்லாரும் அவசரமாக மூட்டை கட்டிவிட்டார்களாம், சிரிப்பை எடுக்கவே இல்லையாம், இயக்குநர் அஸ்வத்துக்கு இதுதான் முதல் படம், அவனுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாதாம், கேக்கக் கூச்சமா இருந்துச்சும்மா என்கிறார், நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்த வருஷம் அது, நாளைக்குப் போய்க் கேளுங்க என்கிறேன், அவர் முகம் சுருங்குகிறது, இத்தனை வருஷத்துல ஒரு ஷாட்டு குடுங்கன்னு யார்கிட்டயும் கேட்டதில்ல, ஒரு வரி டயலாக் குடுங்கன்னுகூடக் கேட்டதில்ல, ஒரு சிரிப்புக்குப் போய் நிக்கணுமா, நான் காப்பி போடவில்லை.

மறுநாள் இரண்டு பேருமாகத்தான் போனோம், ஒரு கல்யாண மண்டபத்தில் வேறு காட்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர் தூணோரம் நிற்கிறார், தொண்டையைச் செருமுகிறார், மறுபடியும் நிற்கிறார், திடீரென்று மேடைக்குரல் வந்துவிட்டது, தம்பி, நான் செத்துட்டு சிரிக்காம வந்துட்டேன். மண்டபமே திரும்பியது, யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அஸ்வத் சிரிக்கவில்லை, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வாங்க சார், எடுத்துடலாம் என்றான், படுத்தாத்தானே சார் எந்திரிக்க முடியும் என்று அவனே சொல்கிறான், அதனால் மறுபடி பஞ்சு, துணி, ரூபாய், நேற்றைய மாலை வாடிப்போயிருக்கிறது, ஓடிப்போய் நிற்க அங்கே பாப்கார்ன் கடை இல்லை, முதல்முறையாகப் பார்க்கிறேன், அவர் நெஞ்சு அசையவில்லை, நானும் மூச்சு விடவில்லை, கட் என்றதும் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார், சார், கேமராவைப் பாருங்க, சார், இந்தப் பக்கம், அவர் என்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருக்கிறார், போதுமா என்று கேட்கிற மாதிரி, பல் மொத்தமும் தெரிகிறது.

படம் வெளிவருவதற்கு முன்பே, ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை, கூடம் நிறைய ஆட்கள், அஸ்வத்தும் வந்து செருப்புகளுக்கு நடுவே நிற்கிறான், பஞ்சு, துணி, ரூபாய், மாலை, எல்லாம் அதேதான், நான் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மூச்சை அங்கேதானே வைத்திருப்பார், யாரும் கட் சொல்லவில்லை. அத்தை, தூக்கப்போறாங்க, முகத்தைப் பாத்துக்குங்க என்று என் அண்ணன் மகன் தோளைத் தொடுகிறான், நான் குனிந்து பார்க்கிறேன், இவர் இப்படியே போகக் கூடாது என்று தோன்றியது, அவர் முகத்துக்கு நேராக, பல் மொத்தமும் தெரிய நான் சிரித்தேன், பாவம், சித்தம் கலங்கிடுச்சு என்று பின்னால் ஒருத்தி சொல்வது காதில் விழுகிறது, நிமிர்ந்தபோது அஸ்வத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், எடுத்தாயிற்று என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான்.