எந்தக் கால் முன்னே

எங்கள் பனிச்சறுக்கு மலையின் மேல் நிலையத்தில் காற்றளவு பார்த்து எழுதும் வேலை காலியாகிறது என்று ஆகஸ்ட் முதல் திங்களன்று, பூமியின் எங்கள் தென்பாதியில் நடுக்குளிர்காலத்தில், அறிவிப்பு ஒட்டினார்கள். அங்கே இருந்த பெண் த்ரெலே நகரத்துக்குக் குடிபோகிறாள். மணிக்கு ஒரு தடவை காற்றின் வேகத்தையும் பனியின் ஆழத்தையும் குறித்து ரேடியோவில் கீழே சொல்ல வேண்டும். வேகம் அறுபது கிலோமீட்டரைத் தாண்டினால், கம்பியில் தொங்கி ஆட்களை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக நான் அடிவாரத்தில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மேலே போகிறவர்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த வேலை எனக்கென்றே வந்ததாக நினைத்தேன். சிக்கல் கடைசி வரியில் இருந்தது: லிஃப்ட் நின்றுபோனால், அங்கே இருப்பவர் தானே சறுக்கிக் கீழே வந்து சேரத் தெரிந்திருக்க வேண்டும். சோதனை சனிக்கிழமை.

எங்கள் மலையடி ஊரான எஸ்கெலில் பிறந்துவிட்டுப் பனியில் சறுக்கத் தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். பள்ளியில் எங்கள் வகுப்பை மலைக்குக் கூட்டிப்போன வருடம் நான் கை ஒடிந்து மாவுக்கட்டோடு இருந்தேன். அப்புறம் கால்பந்து வந்தது, கல்யாணம் வந்தது, அந்த ஜன்னல் வந்தது. முப்பத்தாறு வயதாகிவிட்டது.

என் நாத்தனார் யனினாவுக்கு ரொட்டிக்கடையில் விடியற்காலை வேலை. பத்து மணிக்கு மேல் அவளும் அவள் பனிச்சறுக்குப் பலகையும்தான். பழைய பலகை ஒன்று சும்மா கிடக்கிறது என்று அவளே சொன்னாள். அதற்குப் பதில், காலுக்கு ஒரு கட்டை கட்டிச் சறுக்கும் ஸ்கை கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"அஞ்சு நாள்ல ரெண்டு கட்டையப் பழக்க முடியாது அண்ணி. பலகைன்னா ஒண்ணே ஒண்ணு. ரெண்டு காலையும் சேத்துக் கட்டிட்டா, அதுங்க சண்டை போட்டுக்காது."

நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

பலகையில் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. எது முன்னே என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைச் சோதித்துப் பார்த்துத்தான் கால்கட்டுகளை முடுக்குவார்கள். யனினா சோதிக்கவில்லை. மிர்னா என்கிற நான் இடதுகால்காரி என்பது ஊருக்கே தெரியும். ரயில்வே மைதானத்தில் இருபத்தைந்து மீட்டரிலிருந்து இடது காலால் நான் போட்ட கோலை இறைச்சிக்கடையில் இன்னமும் பேசுகிறார்கள். உதைக்கிற கால் பலமான கால், அது பின்னால் இருந்து பலகையைத் திருப்பட்டும் என்று, வலது காலை முன்னே வைத்துத் திருகாணிகளை இறுக்கினாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

செவ்வாயன்று நாற்பத்து மூன்று தடவை விழுந்தேன். புதனன்று முப்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன். குதிகால் விளிம்பில் உட்காருகிற மாதிரி நின்று, பனியைச் சுரண்டிக்கொண்டே நேராக இறங்குவது சுமாராக வந்தது. பலகையின் மூக்கைக் கீழே திருப்பினால் மட்டும், யாரோ காலடிப் பாயை உருவியது போல மல்லாந்து விழுந்தேன். விழும்போது கையை ஊன்றாதே, முஷ்டியை மடக்கு என்றாள். பள்ளத்தைப் பார்க்காதே, பார்க்கிற இடத்துக்குத்தான் பலகை போகும் என்றாள். நான் பள்ளத்தைப் பார்த்தேன், பள்ளத்துக்கே போனேன். உடம்பில் வலிக்காத இடம் காது இரண்டும்தான். ஆனால் புதன்கிழமை சாயங்காலம் ஒரு எட்டு மீட்டர், பலகை சத்தமே இல்லாமல் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த எட்டு மீட்டரை நினைத்துக்கொண்டே அடுப்பில் வெங்காயத்தைக் கருக்கிவிட்டேன்.

வியாழன் காலை, கார் நிறுத்தும் இடத்தில் தேங்கிய தண்ணீர் இரவில் உறைந்து கண்ணாடி போலக் கிடந்தது. அதைச் சும்மா தாண்டிப் போக யாருக்கு மனம் வரும்? நாலு எட்டு ஓடி, பூட்ஸோடு சர்ரென்று சறுக்கி அந்தப் பக்கம் போய் நின்றேன். பின்னால் யனினா அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி, இன்னொரு தடவை."

சறுக்கினேன். இன்னும் ஒரு தடவை என்றாள். மூன்றாவது தடவை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எந்தக் கால் முன்னால போச்சு?"

குனிந்து பார்த்தேன். இடது.

"மூணு தடவையும் இடதுதான். ரெண்டு நாளா உங்களப் பின்பக்கமா ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன். இது எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா கிண்டல் பண்ணியே என்னைச் சாப்பிட விடமாட்டாங்க."

"அந்த கோல் மேல பழி போடு," என்றேன்.

அங்கேயே காரின் முன்மூடி மேல் பலகையைக் கவிழ்த்து வைத்துக் கட்டுகளைக் கழற்றி மாற்றினாள். நான் கையுறையில் திருகாணிகளை ஏந்திக்கொண்டு நின்றேன்.

அன்று பதினான்கு தடவைதான் விழுந்தேன். இடது கால் முன்னே போனதும், சொந்த வாசற்படியில் இறங்குவது போல இருந்தது. வெள்ளியன்று குதிகால் பக்கம் திருப்பம் வந்துவிட்டது. நுனிக்கால் பக்கம் திரும்புவதுதான் பயம்; பள்ளத்துக்கு முதுகு காட்டி, முழங்காலை மடக்கி, மலையின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பத்து தடவை முயன்றதில் இரண்டு தடவை வந்தது.

சனிக்கிழமை லிஃப்டுகளின் பொறுப்பாளர் எவாரிஸ்தோ ஸ்கையோடு என் பக்கத்து நாற்காலியில் ஏறினார். அதிகம் பேசாத மனிதர். பாதி வழியிலேயே நாற்காலி ஆட ஆரம்பித்தது. மேலே இறங்கியபோது காற்றுமானி ஐம்பத்தெட்டில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்து மூன்று. எங்களுக்குப் பின்னால் லிஃப்ட் காலியாக ஓடி நின்றது.

பனியில் ஓடும் இயந்திர வண்டியை வரச்சொல்லி என்னைக் கீழே கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். அப்படிப் போனால் சோதனை கணக்கில் வராது என்பதையும் சொன்னார்.

"சார், காத்தடிக்கிற நாளுக்குத்தானே ஆள் தேடுறீங்க?" என்றேன்.

அவர் நெற்றியில் இருந்த பனிக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். நான் உட்கார்ந்து கட்டுகளை மாட்டினேன்.

முதல் சரிவில் காற்றே என்னைத் தள்ளிவிட்டது, முழங்காலில் விழுந்து எழுந்தேன். இரண்டாவது சரிவில் குதிகால் விளிம்பு பனியை நன்றாகக் கடித்தது. அதற்குக் கீழே பாதை குறுகி வலது பக்கம் மடங்குகிறது. நுனிக்காலில் திரும்பினால்தான் போக முடியும். வெள்ளியன்று பத்தில் இரண்டு. அதைச் சரியாக அந்த இடத்தில் நினைத்து, இடது பக்கப் பனிக்கரையில் மோதி உட்கார்ந்தேன். எவாரிஸ்தோ மேலே நின்றார், உதவிக்கு வரவில்லை. எழுந்து பின்னோக்கிக் கொஞ்சம் நகர்ந்து இடம் செய்துகொண்டேன். மடக்கின் கடைசியில் சிவப்புக் கம்பு ஒன்று நட்டிருந்தது. அதை மட்டும் பார்த்தேன். பலகையின் மூக்கு கீழே சாய்ந்தது, தோள் திரும்பியது, முழங்கால் மடங்கியது. பள்ளம் என் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது, மலை என் மூக்குக்கு எதிரே வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். நின்றபடியே போய்க்கொண்டிருந்தேன். யாரோ கத்துவது கேட்டது, அது நான்தான்.

அதன் பிறகு அடிவாரம் வரை விழவில்லை. எவாரிஸ்தோ பக்கத்தில் வந்து நின்று கையுறையைக் கழற்றினார்.

"ரெண்டு தடவை விழுந்தீங்க, மிர்னா."

"விழக்கூடாதுன்னு போட்டிருக்கா?"

"இல்ல. வந்து சேரணும்னுதான் போட்டிருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் மேல் நிலையத்துல இருங்க."

யனினா ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது. கீழ்ச்சரிவு லிஃப்ட் காற்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. சாத்துவதற்கு இன்னும் நாற்பது நிமிடம். பேசிக்கொண்டே இன்னொரு தடவை ஏறிப் போகலாம் வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினேன்.